நிறம் வராத நெஞ்சு

புனித வெள்ளி. பகல் மூன்று மணி. இலோயிலோ நகரில் ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையில் ஒரு நாய்கூட இல்லை. ஆண்டவர் இறந்து கிடக்கும் நேரம்... யாரும் வெளியே தலைகாட்ட மாட்டார்கள்.

கிட்டே வாருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. இது நம் ரொவேனாவின் அண்ணி அடேலாவுக்கு நடந்தது.

அடேலா இதய ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்கேன் எடுப்பவள். அன்று படுக்கையில் இருந்தது அவள் கணவன் நெஸ்டோர். கப்பல் மாலுமி. இதயம் பலவீனமாகி ஒரு வருடமாகக் கரையில் கிடந்தான். புது மருந்தைச் சோதிக்கும் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தான். இது கடைசி ஸ்கேன். தேறியிருந்தால் மறுபடி கப்பல். இல்லையென்றால்... அதைப் பற்றி இருவரும் பேசுவதே இல்லை.

"இந்த நேரத்துல வேலை செஞ்சா உருப்படுமாடி?"

"நாளையோட ஆராய்ச்சி முடியுது. வாய மூடிட்டு இடது பக்கம் திரும்பு."

மார்பில் ஜெல்லைத் தடவினாள்.

"அதிசயமா இருக்கே. எப்பவும் ஐஸ் மாதிரி இருக்கும். இன்னைக்குக் குளிரவே இல்ல."

திரையில் இதயம் விரிந்தது, சுருங்கியது. இருபது வயதுக்காரனின் இதயம் போல. அடேலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ரத்த ஓட்டம் பார்க்கும் பொத்தானை அழுத்தினாள். ரத்தம் ஓடும் இடமெல்லாம் சிவப்பும் நீலமும் பொங்க வேண்டும்.

கறுப்பு.

ஒலியைக் கூட்டினாள். ஏசியின் உறுமல் மட்டும். கருவியைத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். சிவப்பு. வீச்... வீச்... மறுபடி அவன் மார்பில். கறுப்பு. சத்தமே இல்லை. இதயம் மட்டும் அழகாக அடித்துக்கொண்டிருந்தது. அறையில் அணைந்த மெழுகுவர்த்தியின் வாடை.

"என்னடி, கப்பல் உண்டா, இல்லையா?"

அவளுக்குப் பயம்கூட வரவில்லை. எதுவுமே வரவில்லை. ஜெல்லைத் துடைத்தாள். ரத்த ஓட்டப் படங்களை ஒவ்வொன்றாக அழித்தாள்.

"உண்டு. சட்டையப் போடு."

கப்பலுக்குப் போனான். வந்தான். போன மாதம் அவர்களுக்குக் குழந்தை பிறந்தது. ரொவேனா பார்க்கப் போயிருந்தாள். டெங்குக் காலம். உட்கார்ந்த சிறிது நேரத்தில் கொசு கடித்து அவள் கையெல்லாம் தடிப்பு. தொட்டிலுக்கோ வலை இல்லை.

"என்ன அண்ணி, பச்சக் குழந்தைக்குக் கொசுவலை போடலையா?"

அடேலா குழந்தையின் விரல்களை வருடிக்கொண்டே இருந்தாளாம்... நிமிரவே இல்லையாம்.

"கொசு உங்க அண்ணன் மேல மட்டுந்தான் உக்காராதுன்னு நெனச்சிருந்தேன்."