நிரப்பக் கூடாத வரி

அவையை நடத்தும் தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் முகத்தில் பொறுமையுமாக வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவருக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் தம்பிமார்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

புத்தரின் வாய்மொழியாகப் போற்றப்படும் நூலின் மறுபதிப்பை இன்று வெளியிடுகிறோம். அதில் ஒரு வரி காலியாக இருக்கிறது. அதை நிரப்பும் வேலையை விழாக் குழு என் தலையில் கட்டியிருக்கிறது. "உங்க அப்பா சொன்னதா ஒரு வரி சொல்லிடுங்கம்மா, யாருக்குத் தெரியப்போகுது?" என்று மேடை ஏறும்போதுகூட ஒருவர் காதைக் கடித்தார். தலைவர் தலைகுனிகிறார். குனிய வேண்டாம் ஐயா, நடந்ததைக் கேளுங்கள்!

ஏட்டிலா பிறந்தன இந்த நூல்கள்? எழுத்தாணியா வளர்த்தது அவற்றை? இல்லை! நாவில் பிறந்து, செவியில் வளர்ந்து, நெஞ்சில் நிலைத்தவை அவை! துறவிகள் கூடியமர்ந்து ஒரே குரலில் ஓதினார்கள். ஒருவர் தடுமாறினால் மற்றவர் குரல் காட்டிக்கொடுத்துவிடும். பஞ்சமும் போரும் ஓதுகிறவர்களையே கொண்டுபோய்விடுமோ என்று அஞ்சித்தான் ஓலையில் எழுதினார்கள். வாய் சலிக்காமல் திரும்பத் திரும்ப ஓதியதை எழுதும்போது கை சலித்தது. "முன்போலவே" என்று போட்டுவிட்டு அடுத்த அடிக்குத் தாவினார்கள்.

எங்கள் மடங்களிலும் அதே கதைதான். சினத்தை விடுவது பற்றி ஒரு பகுதி. அதை முழுதாக எழுதிய ஓலைச்சுவடிக் கட்டு பக்கத்து மடத்தில் இருக்கும் என்று ஒவ்வொரு மடமும் செல்லரிக்க விட்டுவிட்டது. கடைசியில் பார்த்தால் எல்லாப் பிரதியிலும் "முன்போலவே"! முன்னால் இருந்தது மட்டும் எங்குமே இல்லை! சிரியுங்கள் தம்பி, அன்று எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அது மனப்பாடமாக இருந்தது இருவருக்கு. ஒருவர் மடத்துப் பெரியவர். மற்றவர் என் அப்பா. காவியைக் களைந்து என் அம்மாவைக் கைப்பிடித்து, பேருந்து ஓட்டிப் பிழைத்தவர். அன்றிலிருந்து பெரியவர் அவர் முகத்தில் விழிப்பதில்லை. ஆனால் இருவர் சேர்ந்து ஓதி, குரல் பிசகாமல் ஒத்துப்போனால்தான் அச்சில் ஏற்றுவது எங்கள் வழக்கம். வேறு வழியில்லாமல் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

அது போர்க்காலம். டயர் கடைக்கு மேலே அச்சகம். தட்டச்சு செய்வது நான். சண்டை ஊரை நெருங்கிவிட்டது, குண்டுச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. கீழே லாரிக்காரர் கத்துகிறார்: "பாலத்தை மூடப்போறாங்க! வர்றீங்களா இல்லையா?" கடைசித் தாள் ஒன்றுதான் பாக்கி. இரு குரல்களும் ஒன்றாக ஓடின. ஓடிவந்து, ஓரிடத்தில் அப்பாவின் குரல் நின்றுவிட்டது. பெரியவர் மட்டும் ஒரு வரி ஓதினார். அதைவிட அழகான வரியை நான் கேட்டதில்லை.

"சேர்ந்து சொல்லு" என்றார் பெரியவர்.

"அழகா இருக்கு சாமி. ஆனா நாம படிச்சது இது இல்ல."

"அப்போ எது? சொல்லேன்!"

"மறந்துபோச்சு சாமி."

எனக்குப் பதறியது. "அப்பா, சரின்னு சொல்லுங்கப்பா! உயிர் போற நேரத்துல ஒரு வரியில என்ன வந்துடப்போகுது?" என்று கெஞ்சினேன்.

"மறந்ததை மறந்துட்டேன்னு சொல்றேன்மா. தெரியும்னு சொன்னா, நாளைக்கு இதுல எதைத்தான் நம்புவாங்க?"

பெரியவர் அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "எனக்கும் ஞாபகம் இல்லப்பா. நானா கட்டினதுதான். அந்த இடத்தைக் காலியா விடும்மா."

"ரெண்டு பேரும் மறந்துட்டா அப்புறம் என்ன புத்தகம்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி! மறந்த இடத்தில் வாய்மூடியவர்கள் என்பதால்தானே ஐயா, மற்ற இடமெல்லாம் சத்தியம் என்று நம்புகிறோம்?

இறங்கி வருவதற்குள் லாரி நிறைந்து, ஒருவருக்குத்தான் இடம் மிச்சம் இருந்தது. தட்டச்சுத் தாள்களோடு என்னை அதில் ஏற்றிவிட்டார் அப்பா. "பெரியவரால வேகமா நடக்க முடியாது. கைத்தாங்கலா கூட்டிக்கிட்டுப் பின்னாடியே வர்றேன், நீ போ" என்றார். எங்களுக்குப் பின்னால் பாலம் மூடப்பட்டது. அவர்கள் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. நான் கெஞ்சியபோதே அவர் ஒரு பொய் சொல்லியிருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள். அந்த நினைப்பு என்னைத் தூங்க விடுவதில்லை.

அப்படிப்பட்டவர் பெயரிலா பொய்யை எழுதுவது? உயிரே போனாலும் சொல்லாததை, ஒரு மாலைக்காகவும் மேடைக்காகவும் மகள் சொல்வதா? மாட்டேன்! கைதட்ட வேண்டாம், இது நான் சொல்லி முடிகிற காரியமில்லை. முடிவு தலைவர் கையில் இருக்கிறது. தலைவர் அவர்களே, சபையறியக் கேட்கிறேன், அந்த வரியை என்ன செய்யப்போகிறீர்கள்?

எழுந்துவிட்டாரே! கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள் ஐயா, கடைசி வரிசைக்கும் கேட்கட்டும்.

"காலியாவே இருக்கட்டும்மா."

கேட்டீர்களா? அப்பா, உங்களுக்குக் கேட்டதா?

இதற்குமேல் பேசினால் அழுதுவிடுவேன். சொல்ல இடம் தந்த தலைவருக்கும், செவி தந்த உங்களுக்கும் கைகூப்பிய நன்றி. வணக்கம்.