எதை அடைத்தாய்?

"ஹலோ… ஆமா, ஷம்சுதீன்தான் பேசறேன்… யாரு?… டேய் அர்ச்சுனா! என்னடா, ஆபிஸ் போன்லயே கூப்பிடற? மேனேஜர் இல்லையா?… சரி, சரி… என்னது? தொறந்துட்டியா? கம்ப்யூட்டர் பெட்டியையா? அலாமாக்! யாருடா உன்ன தொறக்கச் சொன்னது?"

ஷம்சுதீனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அம்பாங்கானில், அத்தாவின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில், கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன் அவன். அர்ச்சுனன் ரந்தாவ் பக்கத்து எஸ்டேட் ஆபிஸில் கணக்கெழுதும் கிராணி. இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அடி வாங்கியவர்கள். ஆபிஸ் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் சாகக் கிடக்கிறது என்று அர்ச்சுனன் போன வாரம் வந்து புதியது ஒன்றை வாங்கிப் போயிருந்தான். சனிக்கிழமை நானே வந்து மாட்டித் தருகிறேன், நீ கை வைக்காதே என்று ஷம்சுதீன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். ஆனால் பொறுமை என்கிற சமாச்சாரம் அர்ச்சுனனுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

"…தெரியுது லா, மேனேஜர் சாயந்தரம் வந்துருவாரு… தெரியுது, தெரியுது… அதுக்காக நீயே ஆப்பரேஷன் பண்ணுவியா?… என்ன, நான் மட்டும் பிடுங்கினேனா? டேய், அன்னிக்கி ஓடிக்கிட்டு இருக்கும்போதே நான் பிடுங்கினது வெளி டிஸ்க்கு. மேசை மேல தனிப் பெட்டியா, தனி வயரோட இருந்துச்சே, அது. வேலை முடிஞ்சா அத பிடுங்கலாம், மாட்டலாம். இது உள்ளுக்கு இருக்கறது. ஓடும்போது கையே வைக்கக்கூடாது… ஆங்… ஆங்… சரி, கம்ப்யூட்டர அடைச்சிட்டியா?… அடைச்சிட்டல்ல? நல்லது. அப்ப பயமில்ல."

ஷம்சுதீன் ஸ்டூலை இழுத்துக் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டான். எதிர்க்கடைத் தகரத்தில் மழை கொட்ட ஆரம்பித்திருந்தது. போனிலேயே சொல்லிக் கொடுத்துவிடலாம், ரந்தாவுக்கு மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டு போகிற வேலை மிச்சம் என்று நினைத்தான்.

"கேளு. ரிப்பன் மாதிரி பட்டை வயரு ஒண்ணு இருக்கும்… ஆமா, சாம்பல் கலரு. ஓரத்துல செவப்புக் கோடு தெரியுதா?… மாட்டும்போது அந்தக் கோடு கரண்ட்டு வயரு பக்கமா இருக்கணும். ஞாபகம் வச்சிக்க. இப்ப பழைய டிஸ்க்கோட ஸ்குரூவ கழட்டு. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு… போன தோள்ல இடுக்கிக்க லா… என்னடா அங்க இரைச்சல்? மழையா?… இங்கயும்தான். இல்ல, இது மழை இல்ல, விர்ர்ருங்குது… ஃபேனா? மேல ஓடறதா? அத கொஞ்சம் அடை, நீ பேசறதே கேக்கல."

காத்திருந்தான். சுவிட்ச் 'டிக்'கென்றது கேட்டது. இரைச்சல் நிற்கவில்லை.

"அடைச்சிட்டியா?… நல்லா பாரு, ஃபேன் நின்னுடுச்சா?… நின்னுடுச்சா?"

ஷம்சுதீன் காலைக் கீழே இறக்கினான்.

"அர்ச்சுனா, அந்த டிஸ்க்க தொட்டுப் பாரு… இல்ல, இல்ல, தொடாத! சும்மா சொல்லு. முன்ன தொட்டப்ப சூடா இருந்துச்சா?… லேசா நடுங்குச்சா?… டேய், நீ எத அடைச்ச?… கம்ப்யூட்டர்னா எதுடா?… டிவி மாதிரி இருக்கே, அதயா? பொத்தான அமுக்கினதும் இருட்டாயிருச்சா?… யா அல்லா!"

இந்த ஊரில் கதவையும் அடைப்பார்கள், விளக்கையும் அடைப்பார்கள், டிவியையும் தண்ணிக் குழாயையும் அடைப்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அர்ச்சுனன் அடைத்தது திரையை மட்டும். பெட்டிக்குள் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது, அதற்குள்தான் அவன் கையும் இருந்தது. டிஸ்க் போனால் போய்த் தொலையட்டும். ஷம்சுதீன் பயந்தது வேறொன்றுக்கு. அந்தப் பழைய மாதிரிப் பெட்டிகளில், சுவரிலிருந்து வரும் கரண்ட் அப்படியே முன்பக்கப் பொத்தான்வரை வரும். அந்த வயர் டிஸ்க்கை ஒட்டித்தான் போகும். போன தடவை அந்த ஆபிஸுக்குப் போனபோது மேசைக்கடியில் எங்கு பார்த்தாலும் எலிப் புழுக்கை கிடந்தது.

"கைய எடு. மெதுவா… பதறாத… எடுத்துட்டியா? அல்ஹம்துலில்லா! இப்ப கேளு. முன்னால இருக்கற பொத்தான தொடாத… ஏன்னு கேக்காத லா! அதுக்குப் பின்னால தடியா வயரு வருதா? தொடாம பாத்துச் சொல்லு… கடிச்சிருக்கா? செம்பு தெரியுதா?… ம்ம்… செருப்பு போட்டிருக்கியா?… வாசல்லயா விட்ட? ஏன்டா, அது ஆபிஸா கோயிலா?… கால் ஈரமா?… சரி. மொதல்ல போயி செருப்ப மாட்டு. அப்புறம் சுவத்துல இருக்கற சுவிச்ச… எங்க? மேசைக்குப் பின்னாலயா? பெட்டிக்கு மேல சாஞ்சாதான் எட்டுமா? அப்ப வேணாம்! வெளிய போயி மெயின் சுவிச்ச… டேய், சாயாத! எட்டும்னு சொல்லாத! அர்ச்சுனா, வேணாம்—"

நாற்காலி ஒன்று சாய்ந்து விழுந்தது. இரைச்சல் மட்டும் முன்போலவே ஓடிக்கொண்டிருந்தது.

"அர்ச்சுனா?… டேய்… வெளையாடாதடா… அர்ச்சுனா!"

எத்தனை தடவை கத்தினானோ, கீழே கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். கடைசியில் யாரோ ரிசீவரை எடுத்தார்கள்.

"ஹலோ! யாரு?… ஆபிஸ் கூட்டற பாஞ்சாலை அக்காவா? அக்கா, நான் ஷம்சு, கம்ப்யூட்டர் பாய்… விழுந்து கெடக்கானா? கை எங்க இருக்கு?… பெட்டிக்குள்ளயா?… தொடாதீங்க! அவன தொடவே தொடாதீங்க!… அழாதீங்கக்கா, நான் சொல்றத கேளுங்க. அடைங்க! எல்லாத்தையும் அடைங்க! சீக்கிரம், ஓடுங்க!"

அவள் ஓடும் சத்தம் கேட்டது. ஷம்சுதீன் கண்ணை மூடி ஓதத் தொடங்கினான். அங்கே ஏதோ கிறீச்சிட்டது. 'படார்' என்றது. மறுபடி ஒரு 'படார்'. மூச்சிரைக்க அவள் திரும்பி வந்தாள்.

"அடைச்சிட்டீங்களா?… எல்லாத்தையுமா?… எதக்கா அடைச்சீங்க?… கதவா?… ஜன்னலா?… ஐயோ, அது இல்லக்கா! இடி விழுந்துச்சுன்னு நெனச்சீங்களா? இடி இல்லக்கா, கரண்ட்ட அடைங்க!… அக்கா, எங்க போறீங்க? அவன தூக்காதீங்க! தொடாதீங்கக்கா! அக்கா—"

மழைச் சத்தம் இப்போது கேட்கவில்லை. கதவையும் ஜன்னலையும் அவள் நன்றாகவே அடைத்திருந்தாள். அந்த விர்ரென்ற இரைச்சல் மட்டும் தெளிவாகக் கேட்டது. பிறகு கனமாக ஏதோ தரையில் விழுந்தது. லைன் போய்விட்டது.