பிளஸ் எது, மைனஸ் எது

எண்பதுகளில் ஒரு மாலை, தீவிலிருந்து அக்கரையில் உள்ள பட்டர்வொர்த் போகும் ஃபெரிப் படகில் தொழிற்சாலைச் சீருடை அணிந்த இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"என் வீட்டுக்காரரு வயர்மேன், அக்கா. அவருக்கா பிளஸ் எது, மைனஸ் எதுன்னு தெரியாது?" என்றாள் இளையவள்.

"என்னாச்சு லா?"

"மூணு வருசமா நானே சோல்டர் பண்ணி ஒரு சிந்தசைசர் கட்டினேன், கரண்டுல வாசிக்கிற வாத்தியம். வயர மாத்திக் குத்தினா ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு சத்தம் வரும். போன சனிக்கிழம கல்யாண மண்டபத்துல வாசிக்கக் கூப்பிட்டிருந்தாங்க. காலையில குளிச்சிட்டு வந்து பாக்குறேன், கரண்டு வயர பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்து சுவிச்சப் போட்டிருக்காரு. எல்லா போர்டும் கருகிப் போச்சு."

"தெரியாம செஞ்சிருப்பாரு."

"அவரும் அதத்தான் சொன்னாரு. முந்தின நாளு, 'நீ மேடையில வாசிப்ப, நான் கீழ உக்காந்து பாக்கணுமா'ன்னு கேட்டவரு."



"அப்ப நீ மண்டபத்துக்குப் போகல?"

"போனேன். எனக்குப் பதிலா வேற ஆளப் போட்டு ஆர்கன் வாசிக்க வச்சாங்க. நான் கீழ உக்காந்து கேட்டேன். அவரும் வந்து பக்கத்துல உக்காந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் கைதட்டினாரு."