மழையில் பால் வெட்டிய மின்னாள்

மதிப்புக்குரிய தலைவர், எங்கள் பள்ளிக்கூட அதிபர் அவர்களே! தெஹியோவிட்டவிலிருந்து இந்த ஒலிபெருக்கியைத் தன் முச்சக்கரவண்டியில் ஏற்றிவந்த கடைக்கார ஜமால்தீன் நானா அவர்களே! அவருடைய மகளும், என் வகுப்புத் தோழியும், என் இரகசியங்களின் இரும்புப்பெட்டியுமான நூரியாவே! விடியுமுன் கத்தி பிடித்து, வெயிலுக்குமுன் ரப்பர் பால் சேர்த்து, கழுவிய கை காயுமுன் இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே, தம்பி தங்கைகளே! உங்கள் எல்லோருக்கும் சுதர்ஷினியின் நடுங்கும் வணக்கம்.

ஆம், நடுங்கும் வணக்கம்தான். மைக் ஆடுவதாக நினைக்காதீர்கள், ஆடுவது நான்.

அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே "வரவேற்புரை" என்று போட்டிருக்கிறார்கள். அதை நம்பித்தான் என் அம்மா புஷ்பம் என் சீருடையை இரண்டுமுறை இஸ்திரி போட்டுவிட்டு, மூன்றாம் வரிசையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். வரவேற்றுவிட்டேன். இனி நான் சொல்லப்போவது அழைப்பிதழில் இல்லாதது.

மூன்று ஆண்டுகளாக இந்தத் தோட்டத்தில் ஒரு கதை நடந்துவருகிறது. "ஏழு வாசல்" என்று மேலட்டையில் எழுதிய கொப்பிகள். எழுதியவர் பெயர் இல்லை. முதல் கொப்பியில் நிழலரசன் ஒரு பள்ளத்தாக்கின் மக்களையெல்லாம் கல்லாக்கினான். கல்லானவர்களில் ஒருத்தி மின்னாளின் தாய். தாயை மீட்க மின்னாள் புறப்பட்டாள். ஏழாம் வாசலுக்கு அப்பால் வெண்பால் மரம் நிற்கிறது. அதன் பால் பட்டால் கல் கண்விழிக்கும். ஆறு கொப்பிகளில் ஆறு வாசல் கடந்தாள். ஏழாம் கொப்பியின் வெளியீடுதான் இன்றைய விழா.

யார் எழுதினார்கள்? கொழும்பில் வேலை செய்யும் யாரோ என்றீர்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் என்றீர்கள். நூரியாவிடம் கேட்டால், "எனக்கு எப்படித் தெரியும், கடையில கிடந்துச்சு" என்றாள். பொய்! பொய்! பொன்னான பொய்!

எழுதியவள் நான்.

கைதட்டாதீர்கள், தயவுசெய்து. முதலில் மூன்றாம் வரிசையைப் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா, குடையைக் கையில் எடுக்காதீங்க. "பரீட்ச முடியிற வரைக்கும் கதப் புத்தகத்தத் தொட்டேன்னு தெரிஞ்சா, இருக்கு ஒனக்கு" என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. நான் தொடவில்லை, எழுதினேன். போர்வைக்குள் கணக்குச் செய்வதாகச் சொன்ன இரவெல்லாம் செய்தது இந்தக் கணக்குத்தான். இதைக் கேட்டபின்பும் நீங்கள் எழுந்து போகாமல் இருந்தால் போதும். அதற்காகத்தான் இத்தனை பேருக்கு முன்னால் சொல்கிறேன்.

மழைக்காலையில் இங்கே என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மரம் காயுமா, வேலை உண்டா என்று எல்லோரும் பால் ஸ்டோர் வாசலில் காத்திருப்பார்கள். பால் நிறுக்கும் இந்திரகுமார் மாமா அப்போது கொப்பியை எடுத்து உரக்க வாசிப்பார். போன விடுமுறையில் ஒருநாள் அம்மாவுக்கு ரொட்டி கொண்டுபோனேன். மாமா கையில், நான் முதலில் எழுதி நூரியா கடையில் வைத்த ஏழாம் கொப்பி! நிழலரசன் ஓயாத மழையை ஏவுகிறான். இடி இடிக்கிறது, மின்னல் வெட்டுகிறது, தன்னந்தனியாக மின்னாள் மரப்பட்டையைக் கீறிப் பால் வெட்டுகிறாள். பால் பொங்கி வழிந்து குடம் நிறைகிறது!

நான் கைதட்டலை எதிர்பார்த்தேன். வந்தது சிரிப்பு.

"கொட்டுற மழைல எங்கங்க பால் நெறயும்? தண்ணிதான் நெறயும்!"

"பட்டையெல்லாம் வழிஞ்சு வேருக்குப் போயிருமே!"

ஒரு குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. "எழுதுனது யாருன்னு தெரியல. ஆனா அது பால் வடியிற சிரட்டையக் கண்ணால பாத்ததில்லன்னு நல்லாத் தெரியுது." அந்தக் குரல் யாருடையது? என் அம்மாவுடையது!

அது போதாதென்று இருளப்பன் மாமா எழுந்தார். "அது கெடக்கட்டும். மொத கொப்பில ஒரு ஓடக்காரன் 'நீ கூப்பிட்டா வருவேன்'னு சொன்னானே, அவன் இன்னும் ஆத்தங்கரைலதான் நிக்கிறானா? பாவம், மூணு வருசமாச்சு!"

இந்திரகுமார் மாமா, "ஹரி, ஹரி, சரி விடுங்க, கத எழுதுனவங்க மறந்துட்டாங்க போல" என்று கொப்பியை மூடினார். ரொட்டித் தட்டோடு நான் நின்றேன்.

ரப்பர் மரங்களுக்கு நடுவில் பிறந்தேன். ஆனால் மழையில் பால் சேராது என்று எனக்குத் தெரியவில்லை! ஏன் தெரியவில்லை? நான் சோம்பேறியா? குருடியா? இல்லை. ஒருநாளும் அம்மா என்னை அந்தக் கத்தியைத் தொட விடவில்லை. ஒரு மழைக்காலையிலும் என்னை மரத்தடிக்குக் கூட்டிப்போகவில்லை. "நீ பள்ளிக்கூடம் போ." அவ்வளவுதான். மழை அவர் தலையில் பெய்தது. பாடம் என் தலையில் ஏறியது. என் கதையில் வந்த பிழை, அம்மா, நீங்கள் என்னை வளர்த்த விதம்!

அதனால் நூரியா மூலம் அந்தக் கொப்பியைத் திரும்ப வாங்கி, கடைசிப் பக்கங்களைக் கிழித்தேன். மழைக்காலத்தில் நீங்கள் வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றிப் பொலித்தீன் கட்டுவீர்களே, பாவாடை மாதிரி? நூரியாவும் நானும் போய் ஒவ்வொரு மரமாகப் பார்த்தோம். பிறகு புதிதாக எழுதினேன்.

இனி மின்னாள் தனியாக இல்லை. அவள் கூப்பிடுகிறாள். இருளப்பன் மாமா, கேளுங்கள், ஓடக்காரன் வருகிறான்! தன் ஓடத்தின் பாயை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான்! இரண்டாம் வாசலின் தையற்காரி வருகிறாள், ஊசியோடு! நான்காம் வாசலில் மின்னாளை அடிக்க வந்த அரக்கன் வருகிறான், வெட்கத்தோடு! அவர்கள் பாயை மரத்தைச் சுற்றிக் கட்டுகிறார்கள், தைக்கிறார்கள், தாங்கிப் பிடிக்கிறார்கள். மேலே மழை பெய்கிறது, பெய்கிறது, பெய்துகொண்டே இருக்கிறது. கீழே ஒரு துளி நீர் கலக்காமல் பால் இறங்குகிறது!

தனியாக நின்று வென்றவள் என்று என் மின்னாளை இனி யாரும் சொல்ல முடியாது. அவளுக்காக மழையைத் தடுத்த கைகளின் கதைதான் இது. உங்கள் கைகளின் கதை!

என்னம்மா? எழுந்துவிட்டீர்களே! போகாதீங்க... போகவில்லையா? கேள்வியா? சத்தமாகக் கேளுங்க.

"அந்தப் புள்ளையோட அம்மா கல்லா நிக்கிறாளே, அவ முழிச்சாளா இல்லையாடி?"

முழித்தாள், அம்மா. கடைசிப் பக்கத்தை அப்படியே வாசிக்கிறேன்: "மின்னாள் பாலைத் தொட்டுத் தாயின் நெற்றியில் வைத்தாள். கல் இளகியது. கண் திறந்தது. ஏழு வாசல் கடந்துவந்த மகளைத் தாய் மேலும் கீழும் பார்த்தாள். 'தல பூரா ஈரம். வா இங்க' என்று முந்தானையை எடுத்தாள்."

சிரிக்கிறார்! மூன்றாம் வரிசை சிரிக்கிறது! குடை கீழே கிடக்கிறது!

பிழை சொன்னவர்களுக்கும், பொய் சொன்ன நூரியாவுக்கும், பொறுத்திருந்த ஓடக்காரனுக்கும் என் நன்றி. நாளையிலிருந்து கணக்குப் பாடம். இந்த மேடையில் வைத்துச் சத்தியம் செய்கிறேன். இப்போது அம்மாவிடம் போகிறேன். எல்லோருக்கும் வணக்கம்.