ஏத்தத்துல நிக்காத அண்ணி

வீட்ல ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சுக்கணும், புரிஞ்சுக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படிம்மா புரிஞ்சுக்கிறது? அதை மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க! சரி... ஒரு சின்னக் கதை இருக்கு, சொல்லிடறேன். அந்தப் பக்கம் நிக்கிறவங்களும் உக்காருங்க.

நீலகிரியில ஒரு சைக்கிள் பந்தயம். தார் ரோட்ல இல்ல... எஸ்டேட்டுக்குள்ள, காட்டு ஓரமா, கல்லும் சேறுமா கெடக்கிற மண்பாதையில. காலையில கிளம்புனா சாயங்காலம் வரைக்கும் மிதிக்கணும். ஜோடி ஜோடியாத்தான் ஓட்டணும். வழியில இருக்கிற ஒவ்வொரு செக்பாயிண்ட்டுக்கும் ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாத்தான் கணக்கு. ஒருத்தர் மட்டும் வந்து நின்னா? "உங்க ஜோடி எங்கம்மா?"ன்னு கேட்டு நிறுத்திருவாங்க.

இந்தப் பந்தயத்துக்கு வந்தாங்க ரெண்டு பொம்பளைங்க. அண்ணி வெண்ணிலா, நாத்தனார் பிரதீபா. கூட ஓட்ட வேண்டிய அண்ணன்காரன் கையில சுளுக்கு. அவனோட கியர் சைக்கிளை எடுத்துக்கிட்டு தங்கச்சி வந்துட்டா. ரெண்டு பேரும் ஒரே வீட்லதான் இருக்காங்க. ஆனா பேச்சு? "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு." அவ்வளவுதான். அண்ணிக்குத் திமிருன்னு நாத்தனார் நினைப்பு. ஏன் சிரிக்கிறீங்க? உங்க வீட்டுக் கதையா நான் சொல்றேன்?

அண்ணியோட சைக்கிள்ல கியரை மாத்தவே முடியாது. இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. மேட்டுக்கும் அதுதான், சமதரைக்கும் அதுதான்.

மொத ஏத்தம் வந்துச்சு. செங்குத்தா ஏறுது. வெண்ணிலா சீட்ல இருந்து எழுந்தா... பெடல் மேல நின்னா... போயிட்டா! பிரதீபா கத்துறா. "அண்ணி! கொஞ்சம் மெதுவா போங்க... அண்ணீ!" திரும்பிப் பாக்கல. வளைவுல மறைஞ்சுட்டா.

பிரதீபா சின்ன கியரைப் போட்டு, மூச்சு வாங்கி, அழுகையும் ஆத்திரமுமா மேல வந்து சேர்ந்தா, அங்க அண்ணி காத்துக்கிட்டு நிக்கிறா. தண்ணி பாட்டிலை நீட்டுறா. இவ வாங்கல. அடுத்து நல்ல சமபாதை. பெரிய கியரைப் போட்டா பிரதீபா... பறந்துட்டா. பின்னால அண்ணி கால் ராட்டினமா சுத்துது, வண்டி நகர மாட்டேங்குது. இவ நின்னாளா? நிக்கல. "நீ விட்டுட்டுப் போனல்ல? இப்ப பாரு!"ன்னு மனசுக்குள்ள.

இப்படியே ஒவ்வொரு மேடும்... ஒவ்வொரு சமதரையும்.

மத்தியானத்துக்கு மேல மூடுபனி இறங்கிருச்சு. கடைசிப் பெரிய ஏத்தம். வெண்ணிலா பக்கத்துல வந்தா, தாண்டிப் போனா. பிரதீபா தலையைக் குனிஞ்சு மிதிச்சுக்கிட்டே வர்றா. திடீர்னு முன்னால ஒரு சத்தம்... புஸ்ஸ்ஸ்...

நிமிந்து பாக்குறா. பாதையை அடைச்சுக்கிட்டு ஒரு காட்டெருமை!

ஒத்தை மாடு, அண்ணி தாண்டிப் போனப்புறம் பாதைக்கு வந்திருக்கு. பனிக்குள்ள கருப்பா, சுவரு மாதிரி. ஒரு பக்கம் மண்மேடு, ஒரு பக்கம் சரிவு. எங்க போவா? மெதுவாத்தான் கூப்பிட்டா... "அண்ணி..."

அவ்வளவு நேரமும் கத்துனதுக்கெல்லாம் நிக்காத வெண்ணிலா, கொஞ்சம் மேல ஏறிக்கிட்டு இருந்தவ, அந்த ஒரு குரலுக்கு நின்னுட்டா. சைக்கிளை அப்படியே போட்டுட்டு நடந்தே கீழ இறங்கி வர்றா.

"பிரதீபா... ஓடாத. சைக்கிளை முன்னால பிடிச்சுக்க. மெல்ல... அப்படியே பின்னால நகரு."

குரல் கேட்டதும் மாடு திரும்புச்சு. இப்ப அது பாக்குறது யாரை? அண்ணியை! தலையைத் தாழ்த்துது. குளம்பால மண்ணைத் தட்டுது. அண்ணி கையில ஒண்ணுமே இல்லய்யா... சைக்கிள்கூட இல்ல! அசையாம நிக்கிறா. கீழ நாத்தனார் நிக்கிறா. நடுவுல அது நிக்குது.

எவ்வளவு நேரமோ... அப்புறம் அந்த மாடு பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் போட்டு, சரிவுல இறங்கி, தேயிலைக்குள்ள போயிருச்சு.

பிரதீபா அங்கேயே உக்காந்து அழுதுட்டா.

"காலையில இருந்து கூப்பிடறேன்... ஏன் அண்ணி ஒரு தடவைகூட நிக்கல?"

"நின்னா மறுபடி ஏற முடியாது பிரதீபா. எனக்கு ஒரே கியர். மேட்டுல வேகம் குறைஞ்சா சாஞ்சுருவேன். உன்கூட மெதுவா வரணும்னு ஆசைதான். வண்டி விடாது. அதான் மேல போய் காத்திருந்தேன்."

"இதை மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"உனக்குத் தெரியும்னு நெனைச்சேன். நீ மட்டும் சமதரையில ஏன் ஓடுன?"

பிரதீபா கண்ணைத் தொடச்சுக்கிட்டு எழுந்தா.

இப்ப நின்ன இடத்துல இருந்து அண்ணியால ஏற முடியாது. தள்ளிக்கிட்டு நடந்தா. ஓட்ட முடிஞ்ச நாத்தனாரும் இறங்கி, கூடவே தள்ளிக்கிட்டு நடந்தா. உச்சிக்கு வந்தாச்சு. கடைசி செக்பாயிண்ட் மூடுற நேரம். முன்னால நீளமா சமபாதை. பிரதீபா பக்கத்துல வந்து, அண்ணி முதுகுல கையை வெச்சா. "நீங்க மிதிக்காதீங்க அண்ணி. நேரா பிடிச்சுக்கங்க, போதும்." பெரிய கியரைப் போட்டு, ஒத்தைக் கையால ஓட்டிக்கிட்டு, தள்ளுறா... தள்ளுறா... அங்க மேசையை மடிச்சுக்கிட்டு இருக்காங்க. "இருங்க! இருங்க! ரெண்டு பேரும் வந்துட்டோம்!"

பரிசெல்லாம் இல்லீங்க. பந்தயத்தை முடிச்சவங்கள்ல கடைசி ஜோடி. ஆனா சேர்ந்து முடிச்சாங்க.

இப்ப உங்களைக் கேக்கறேன். உங்க வீட்ல ஒருத்தர் கஷ்டம் வந்தா வாயை மூடிக்கிட்டு விறுவிறுன்னு போயிருவாரு. நம்மை விட்டுட்டாருன்னு நீங்க நினைப்பீங்க. அவரு நின்னா விழுந்துருவாரும்மா! இன்னொருத்தருக்குக் கஷ்ட காலத்துல தைரியம் வரும், எல்லாம் நல்லா இருக்கிறப்பதான் தடுமாறுவாரு. அது திமிரும் இல்ல, சோம்பலும் இல்ல. அவங்க வண்டி அப்படி. ஆனா அவங்களா வந்து சொல்ல மாட்டாங்க... உங்களுக்குத் தெரியும்னு நினைச்சுக்கிட்டு இருப்பாங்க.

காட்டெருமை வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா? இன்னிக்கே வீட்டுக்குப் போய் பக்கத்துல உக்காந்து கேளுங்களேன்... "உனக்கு எந்த இடத்துல முடியல? சொல்லு. அங்க நான் முதுகுல கை வைக்கிறேன்."