நாலு வாட்டி ஃபெயிலான வண்டி

சொர்ணம்: சூடு காட்டற முள்ளு ஏறவே மாட்டேங்குதேய்யா...

வேம்புலி: ஏறும், ஏறும். இப்பத்தானே அம்பத்தூர் ஓ.டி. தாண்டிகீறோம். எஞ்சின் சூடாவ நேரம் புடிக்கும். அது இன்னா தோசைக் கல்லா?

சொர்ணம்: தோசைக் கல்லா இருந்தா இதுக்குள்ள காஞ்சு புகையே வந்திருக்கும்.

வேம்புலி: புகை வராம இருக்கத்தான்மே சூடு பண்றோம்! எஞ்சின் சில்லுனு இருந்தா பெட்ரோலு பாதி எரியாம வெளிய வந்துடும். மிஷினு அத கண்டுபுடிச்சிடும். கொதிக்கக் கொதிக்க இட்டுகினு போயி நிறுத்தி, சைலன்சர்ல அவன் குழாய உட்டான்னு வையி... புகை டெஸ்ட்டு பாஸு.

சொர்ணம்: அப்ப இன்னாத்துக்கு நாலு வாட்டி ஃபெயிலு?

வேம்புலி: இரு, லாரிக்கு வழி உட்டுக்கறேன்.

சொர்ணம்: உன்னத்தான் கேக்கறேன். இன்னிக்கும் ஃபெயிலாச்சுன்னா டாக்ஸிய ஊட்டுலதான் நிறுத்தி வெக்கணும்.

வேம்புலி: அவன் மிஷினு சரியில்ல.

சொர்ணம்: சரியில்லாத மிஷின தேடிகினு முத்தாபுதுப்பேட்டை வரைக்கும் போவணுமா? நம்ம தெருமொனை பங்க்குலயே ஒருத்தன் மிஷின் வச்சிகினு ஈ ஓட்டறான்.

வேம்புலி: தெருமொனைக்குப் போறதுக்குள்ள வண்டி சூடாவுமா? தூரமா போனாத்தானே... ஆமா, நீ எதுக்கு இன்னிக்கு கூட வந்தே? பூவெல்லாம் வச்சிகினு...

சொர்ணம்: ஊர்ல கீற கல்யாணப் பொண்ணையெல்லாம் ஏத்திகினு போறே. நான் இந்த முன்சீட்ல குந்தி எத்தினி வருசமாவுது?

வேம்புலி: குந்து, யாரு வோணான்னா. அழகாத்தான் கீறே.

சொர்ணம்: ஐஸ் வெக்காத. ரோட்டப் பாரு.

வேம்புலி: தோ, திருமுல்லைவாயில் வந்தாச்சு. முள்ளு கால்வாசி ஏறிடுச்சு பாரு.

சொர்ணம்: நேத்து உத்தமன பாத்தேன்.

வேம்புலி: எந்த உத்தமன்?

சொர்ணம்: உன் மெக்கானிக்கு. எத்தினி உத்தமன் கீறான் உனக்கு?

வேம்புலி: இன்னா... இன்னா சொன்னான்?

சொர்ணம்: வண்டி கல்லு மாதிரி கீதாம். சூடா போயி நின்னா கண்ண மூடிகினு பாஸாம். "அண்ணாத்தே வழியில எங்கியோ நிறுத்தி, எஞ்சின் ஆறுன பின்னாலதான் டெஸ்ட்டுக்குப் போறாரு அண்ணி"ன்னான்.

வேம்புலி: அவன் கெடக்கறான்.

சொர்ணம்: எங்கய்யா நிறுத்தற?

வேம்புலி: டீ குடிக்க.

சொர்ணம்: ஒரு டீக்கு எஞ்சின் ஆறிடுமா?

வேம்புலி: பன்னும் துன்னேன்.

சொர்ணம்: யோவ்! எவ ஊடு?

வேம்புலி: ஏய்... இன்னா பேச்சு இது, இந்த வயசுல...

சொர்ணம்: அதான் நானும் கேக்கறேன். இந்த வயசுல உன்ன எவய்யா உள்ள உட்டா?

வேம்புலி: சிரிக்காதமே. ஓட்டிகினு கீறேன்.

சொர்ணம்: நான் ஒண்ணும் சிரிக்கல. ஆவடி வந்துடுச்சு. சொல்றியா, இல்ல நடுரோட்ல எறங்கி கத்தட்டுமா?

வேம்புலி: ...பத்மா ஊடு.

சொர்ணம்: எந்த பத்மா?

வேம்புலி: எத்தினி பத்மா கீறா நமக்கு? பெத்ததே ஒண்ணுதானே...

சொர்ணம்: வண்டிய நிறுத்து.

வேம்புலி: நிறுத்துனா சூடு...

சொர்ணம்: சூடாம், சூடு! அவ அந்த கவருமெண்டு கோர்ட்டர்ஸ் பையன் கங்காதரனோட போனப்ப இன்னா சொன்னோம்? வாசல்ல கற்பூரம் கொளுத்தி, நமக்குப் பொண்ணே இல்லன்னு...

வேம்புலி: நீ சொன்னே. நான் தீப்பெட்டிதான் எடுத்துக் குடுத்தேன்.

சொர்ணம்: அவ ஊட்டுப் படிய மிதிச்சா நீ எனக்குப் புருசனே இல்லன்னேன்ல?

வேம்புலி: அந்த பயத்துலதான்மே சொல்லல. பேத்தி பொறந்துகீது சொர்ணம். மூக்கு அப்படியே உன் மூக்கு. ஒரு நிமிசம் பாத்துட்டு ஓடியாந்துடலாம்னுதான் போவேன். மடில போட்டா என் வெரல புடிச்சிகினு உட மாட்டேங்குது. அப்படியே தூங்கிடுது. எப்படிமே எழுந்து வரச் சொல்றே? அது முழிக்கறதுக்குள்ள வண்டி பச்சத்தண்ணியா ஆயிடுது. பங்க்கு அடுத்த தெரு. அங்க போறதுக்குள்ள எங்க சூடாவும்?

சொர்ணம்: ஒரு சுத்து சுத்தி சூடு பண்ணிகினு போக வேண்டியதுதானே?

வேம்புலி: பாஸாயிட்டா... மறுநாளு எதச் சொல்லிகினு போவேன்?

சொர்ணம்: அந்தத் துண்ட இப்படிக் குடு.

வேம்புலி: அழுவறியா?

சொர்ணம்: ஆமா, அழுவறேன். கட்டுனவளாண்ட மறைச்சிட்டியே. நான் உன்னாண்ட எதனா மறைச்சிகீறேனா? ஒண்ணு சொல்லு பாப்போம்!

வேம்புலி: இல்ல. நீ அப்படிப்பட்டவ இல்ல. எம்மேலதான் தப்பு.

சொர்ணம்: ஒத்துக்கறியா?

வேம்புலி: எந்தக் கோயில்ல வேணா வந்து சொல்றேன். இன்னிக்கு ஒரே ஒரு வாட்டி, வாசல் வரைக்கும் வா. நீ எறங்க வோணாம். எஞ்சின் ஓடிகினே இருக்கட்டும். கொழந்தைய தூக்கியாந்து ஜன்னலாண்ட காட்டறேன். பாத்த உடனே நேரா டெஸ்ட்டுக்குப் போயிடலாம்.

சொர்ணம்: உனக்காவத்தான் வர்றேன். சொல்லிட்டேன்.

வேம்புலி: எனக்காவத்தான்.

சொர்ணம்: முள்ளு நடுவுல வந்து நின்னுடுச்சுய்யா.

வேம்புலி: ஊடும் வந்துடுச்சு. தோ, அந்தப் பச்சைக் கதவு.

சொர்ணம்: ஹாரன் அடிக்காத. கொழந்த தூங்கும்.

வேம்புலி: சரி, நீ குந்தியிரு. நான் போயி... இன்னாமே, எறங்கறே?

சொர்ணம்: ஜன்னல் வழியா பாக்க அது இன்னா வண்டலூர் கொரங்கா? எஞ்சின அணை.

வேம்புலி: டெஸ்ட்டு?

சொர்ணம்: அணைய்யா! சாயங்காலம் திருநின்றவூர் ஏரி வரைக்கும் ஒரு ரவுண்டு போனா தானா சூடாவுது.

வேம்புலி: அணைச்சிட்டேன், அணைச்சிட்டேன்... பத்மா! அம்மாடி பத்மா! யாரு வந்துகீறா பாரு! ஒங்கம்மாவ நானே இட்டாந்துட்டேன்!

பத்மா: அப்பாடா... நைனாவ வாயத் தொறக்க வச்சிட்டியாம்மா! இனிமே கொழந்தைய பாக்க நீ ரயில புடிச்சி வந்து, மொட்ட வெயில்ல தெருமொனைல ஒளிஞ்சிகினு, நைனா காரு எப்ப கெளம்பும்னு நிக்க வோணாம்!