தலைக்கு மேல் தொங்கிய மைக்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பேர். ஒருவர் மடியில் டிரம் குச்சிகள். இளையவர் கழுத்தில் ஹெட்போன்.

“நேத்து ரெக்கார்ட் பண்ணதக் கேட்டேண்ணே. டிரம்முக்குப் பக்கத்துல வச்ச மைக்கெல்லாம் சுத்தமா இருக்கு. உங்க தலைக்கு மேல தொங்கவிட்டதுலதான் முருகேசண்ணன் வராரு.”

“அவன்தான் நேத்து வரவே இல்லையேப்பா.”

“அவரு வரல. ‘முருகேசா, வா’ன்னு நீங்க கூப்புடுறது வருது. நாலு எடத்துல.”

“கச்சேரியில அவன் கீபோர்டு எடுக்குற எடம் வந்தா அப்படித்தான் குரல் குடுப்பேன். பதினாறு வருஷப் பழக்கம். அவன் கோவிச்சுக்கிட்டு வேற குழுவுக்குப் போனது இந்த வாய்க்குத் தெரியல.”

“மைக்க சிம்பல் தட்டுக்குக் கிட்ட எறக்கி வச்சு இன்னொரு தடவ எடுப்போம். குரல் அவ்வளவா விழாது.”

“எடுப்போம். ஆனா பழச அழிச்சுடாத.”

“அத வச்சு என்னண்ணே பண்றது?”

“அவனுக்கு அனுப்பு. நான் போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறான்.”